சண்டைக்கு முன்பே தெரியும் சாடைகள்

(திரையில்: ஆம்பூர், காலை ஷிப்ட் தொடங்கும் நேரம். கம்பெனி பஸ்கள் வந்து நிற்கின்றன.)

வணக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: தோல் வெட்டும் கத்தி, கத்தரி, சுத்தியல் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அங்கே கைகலப்பு மூண்டால் என்ன ஆகும்? நடந்த பிறகு, "திடீரென்று பாய்ந்துவிட்டான் சார்" என்பார்கள். விசாரித்துப் பார்த்தால், பல நாளாகவே நாலு பேருக்குத் தெரிந்திருக்கும்.

முன்கோபி என்று பெயரெடுத்தவரை மட்டும் கவனிப்பது வீண். அவர் கத்துவார், டீ நேரத்தில் மறந்துவிடுவார். கவனிக்க வேண்டியது, ஒருவர் வழக்கத்திலிருந்து மாறுவதை.

(திரையில்: கட்டிங் பிரிவு. சாப்பாட்டு நேரம்.)

ஒரு தொழிலாளியை எல்லார் முன்னாலும் சூப்பர்வைசர் கேவலமாகத் திட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேரோடு சாப்பிட்டவர் இப்போது தனியாக உட்காருகிறார். அடிக்கடி லீவு. எதைக் கேட்டாலும் அந்த ஒரே பேச்சு. பிறகு, சூப்பர்வைசர் எத்தனை மணிக்குக் கேட்டைத் தாண்டுவார் என்று விசாரிக்கிறார். ஷிப்ட் முடிந்ததும் ஒப்படைக்க வேண்டிய கத்தி, துணியில் சுற்றி டிபன் பைக்குள் போகிறது.

தனிமையும் லீவும் வீட்டுக் கஷ்டமாகக்கூட இருக்கலாம்; "என்ன அண்ணா, உடம்புக்கு முடியவில்லையா?" என்று கேளுங்கள். கடைசி இரண்டும் அப்படி விடக்கூடியவை அல்ல. "பார்த்துக்கொள்கிறேன்" என்பது ஆத்திரம். "சம்பளத்தன்று பஸ் ஸ்டாண்டில்" என்று நாளும் இடமும் சொன்னால் அது திட்டம். சும்மா சொன்னேன் என்று சிரித்தாலும் அன்றைக்கே நிர்வாகத்திடம் சொல்லுங்கள். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிவையுங்கள். நீங்களே பையைப் பிடுங்கிப் பார்க்கக் கிளம்பாதீர்கள்.

நிர்வாகத்துக்கும் ஒன்று. டார்கெட் முடியவில்லை என்று தைத்த அப்பரை (ஷூவின் மேல்பகுதியை) தொழிலாளியின் முகத்தில் வீசும் சூப்பர்வைசரும் ஓர் எச்சரிக்கை அறிகுறிதான். அவரை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவதானால் தனி அறையில் சொல்லி, பாக்கிச் சம்பளத்தை இழுக்காமல் கொடுங்கள்.

(திரையில்: கேட், செக்யூரிட்டி அறை.)

தையல் லைன்களில் பெண்களே அதிகம். அவர்களுக்கு ஆபத்து பல நேரம் கேட்டுக்கு வெளியே காத்திருக்கிறது. பிரிந்துபோன கணவரோ, விடாமல் பின்தொடரும் ஒருவரோ வந்து ஷிப்ட் நேரம் கேட்பார். "குடும்ப விவகாரம்" என்று நினைத்து செக்யூரிட்டியும் நேரத்தைச் சொல்லிவிடுவார். இது எனக்கு ஆறவே ஆறாத கோபம். பெண்ணைப் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 78ஆம் பிரிவின்படி குற்றம். தொல்லை தருபவர் உள்ளேயே இருந்தால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அந்த உரிமை உண்டு. பெண்களுக்கான உதவி எண் 181.

கையில் கத்தி வந்துவிட்டதா? சமாதானம் பேசப் போகாதீர்கள். அருகில் இருப்பவர்களை அழைத்துக்கொண்டு வெளியேறி, 112ஐ அழையுங்கள்.