திண்ணை பல்பைக் கழற்றியது நான்தான்

நடுவர் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியவர்களே, ராட்டினக் கடை மூடிய பிறகும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் சேர்த்து ஒரே வணக்கம். கொடுத்திருப்பது எட்டு நிமிடம்.

சிறுவயதுக் குறும்பு பிள்ளையை வளர்க்கிறது என்பது எங்கள் கட்சி. எதிரணிச் சகோதரி என்ன சொன்னார்? "குறும்புக்காரன் இருக்கிற வீட்டில் ஒரு சாமான் முழுசாக இருக்காது. சந்தேகம் என்றால் இந்த அணித் தலைவர் வீட்டில் போய்க் கேளுங்கள்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வீடு வரை ஏன் போகவேண்டும்? நானே சொல்கிறேன். எங்கள் வீட்டில் பல்பு முழுசாக இருந்ததில்லை.

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவு. டூரிங் டாக்கீஸில் வெட்டிப் போட்ட பிலிம் துண்டுகள் கால்சட்டைப் பை நிறைய. படம் காட்டவேண்டும். லென்சுக்கு எங்கே போவது? ஃபியூஸ் போன பல்பின் மூடியைப் பெயர்த்து, உள்ளே இருப்பதை நோண்டி எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் அதுதான் லென்ஸ். ஆனால் எங்கள் வீட்டில் அன்றைக்குப் பார்த்து எந்த பல்பும் ஃபியூஸ் போகவில்லை. சகோதரி சிரிக்கிறார், புரிந்துவிட்டது. திண்ணையில் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்ததற்கு நான்தான் ஓய்வு கொடுத்தேன்.

திரை, அப்பாவின் வெள்ளை வேட்டி. டிக்கெட், ஐந்து புளியங்கொட்டை. தெருவில் ஒருவன் கண்ணாடியைப் பிடித்து, கதவு ஓட்டை வழியாக வெயிலை உள்ளே அனுப்பவேண்டும். சூரியன் நகர நகர அவனும் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். பிலிமைத் தலைகீழாகப் பிடிக்கவேண்டும் என்பது தெரியாததால், முதல் காட்சியில் கதாநாயகன் சிரசாசனத்தில் நின்றார். சரி செய்து சண்டைக் காட்சிக்கு வந்தால், தெருவில் ஐஸ் வண்டி மணி! கண்ணாடிக்காரன் ஓடிவிட்டான். உள்ளே கும்மிருட்டு. ஏழு பேரும் விசில். "கரண்டு போச்சு, ஆபரேட்டர் ஒழிக!" அந்தச் சத்தத்தில் அப்பா தூக்கம் கலைந்து வந்தார். அவர் துண்டோடு நின்றார், வேட்டி சுவரில் நின்றது.

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், இன்னொரு தரம் சொல்கிறேன். அப்பா துண்டோடு, வேட்டி சுவரோடு!

அப்புறம் பத்தாம் வகுப்பில், லென்சில் பிம்பம் தலைகீழாக விழும் என்று வாத்தியார் சொன்னபோது வகுப்பே விழித்தது. எனக்கு மட்டும் முதுகு சுரீர் என்றது.

புறநானூறு 243ஆம் பாட்டில் ஒரு கிழவர் வருகிறார். கையில் தடி, இருமலுக்கு நடுவே நாலு வார்த்தை. எதை நினைத்து ஏங்குகிறார்? மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் திடுக்கிட மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிக் காட்டிய வயதை.

எங்கள் அப்பாவுக்கு இப்போது 84. ஞாபகம் போய்விட்டது. என்னைப் பார்த்து "சார் எந்த ஊரு?" என்கிறார். அம்மா போனதுகூடத் தெரியாது. ஆனால் சாயங்காலம் கரண்டு போனால் மட்டும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். "டேய், திண்ணை பல்பைக் கழட்டினியா?"

"ஆமாப்பா" என்கிறேன்.

விளக்கு வந்ததும் மறுபடி சார்தான். எங்கள் தெருவில் கரண்டு போனால் சந்தோஷப்படுகிற ஒரே வீடு எங்கள் வீடு... மணி அடிக்கவேண்டாம் நடுவர் அவர்களே, உட்கார்ந்துவிட்டேன்.