மறுப்பு சொல்ல ஆள் இல்லாதபோது

[திரையில்: துபாய், பிப்ரவரி 2018]

ஸ்ரீதேவி இறந்தது சனிக்கிழமை இரவு. உறவினர் கல்யாணத்துக்காகப் போன இடத்தில், ஹோட்டல் அறையில். முதலில் மாரடைப்பு என்றார்கள். திங்கட்கிழமை வெளியான தடயவியல் அறிக்கை, சுயநினைவு இழந்து குளியல் தொட்டியில் தற்செயலாக மூழ்கியதே காரணம் என்றது. செவ்வாய்க்கிழமை விசாரணையை முடித்து உடலை ஒப்படைத்துவிட்டார்கள்.

அறிக்கை சொன்னது அவ்வளவுதான். ஆனால் 24 மணி நேரமும் ஓடவேண்டிய செய்திச் சேனலுக்கு அது எந்த மூலைக்கு? கிராஃபிக்ஸில் ஒரு தொட்டி வந்தது. அதன்மேல் அவர் படத்தை ஒட்டினார்கள். ஒரு செய்தியாளர் நிஜத் தொட்டியிலேயே இறங்கிப் படுத்துக் காட்டினார். ஸ்ரீதேவி குடித்திருந்தாரா, முகத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டாரா என்று ராத்திரி பகலாக விவாதம். பார்த்தவர்களுக்கே பொறுக்காமல், 'செய்தியின் மரணம்' என்ற பொருளில் ஒரு ஹேஷ்டேக் கிளம்பியது. ஆனாலும் பார்க்க ஆள் இருந்ததால்தானே தொட்டி திரையைவிட்டுப் போகவில்லை?

உயிரோடு இருக்கும் நட்சத்திரத்துக்கு இதைச் சமாளிக்க வழி உண்டு. மறுப்பு அறிக்கை விடலாம், வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். அடுத்த படத்தின் விளம்பரத்துக்கு அதே கேமராக்கள் வேண்டும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கவும் செய்யலாம். இருவருக்கும் ஆதாயம் உள்ள உறவு அது.

[திரையில்: பாரிஸ், 1997]

சில சமயம் அந்த உறவு எல்லை மீறும். பிரிட்டன் இளவரசி டயானாவின் காரைத் துரத்திய புகைப்படக்காரர்களில் சிலர், நொறுங்கிய காருக்குள் இருந்தவர்களையும் படம் எடுத்தார்கள். பத்திரிகைக்காரர்கள்தான் அவரைக் கொன்றார்கள் என்று இன்றும் சொல்வார்கள். அது பாதி உண்மை. 2008இல் லண்டன் விசாரணையில் ஜூரி சொன்னது: ஓட்டுநரின் படுமோசமான அலட்சியம், பின்தொடர்ந்த வண்டிகளின் படுமோசமான அலட்சியம், இரண்டும் காரணம். ஓட்டுநர் குடித்திருந்தார்.

[திரையில்: மும்பை, 2020]

சரி, இறந்தவரிடம் பதில் வாங்க முடியாதபோது கேமரா யார் பக்கம் திரும்பும்? இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்த பிறகு அது அவருடைய காதலி ரியா சக்கரவர்த்தி பக்கம் திரும்பியது. குற்றப்பத்திரிகை வருமுன்பே ஸ்டுடியோக்களில் தீர்ப்பு வந்துவிட்டது. போதைப்பொருள் வழக்கில் கைதாகி ஏறக்குறைய ஒரு மாதம் சிறையில் இருந்தார். இரண்டு சேனல்களின் ஒளிபரப்பு, மேலோட்டமாகப் பார்த்தாலே நீதிமன்ற அவமதிப்பு என்று மும்பை உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது, நடவடிக்கை எடுக்கவில்லை. மரணத்தில் சதி எதுவும் இல்லை என்று சிபிஐ வழக்கை முடித்தபோது 2025 மார்ச் ஆகிவிட்டது.

இதற்கிடையில் சுஷாந்தின் கதையைப் படமாக்கியவர்களைத் தடுக்க அவருடைய தந்தை டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அந்தரங்க உரிமை மகனோடு முடிந்துவிட்டது, வாரிசுக்கு வராது என்று 2023இல் பதில் வந்தது. அப்புறம் இன்னொன்றையும் நீதிபதி சொன்னார்: படத்தில் இருப்பவை ஏற்கெனவே ஊடகங்களில் வந்தவை, வந்தபோது யாரும் அவற்றை எதிர்த்து வழக்குப் போடவில்லை.