நாலு கிழமைச் சாப்பாடு

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். 2026 ஏப்ரல் 26 ஆம் திகதியோடு செர்னோபில் அணு உலை வெடித்து 40 வருடம். அந்த நாளையொட்டிப் பேச முடியுமா என்று நிலையத்தார் கேட்டார்கள். அணுசக்தி வேண்டுமா வேண்டாமா என்று வாதாட நான் ஆளில்லை, பிள்ளைகளைப் பற்றி என்றால் வருகிறேன் என்று சொன்னேன். இங்கிலாந்தில் நாங்கள் இருக்கிற சின்னப் பட்டணத்தில் ஒரு தொண்டர் குழு இருந்தது. கோடை விடுமுறையில் பெலாரஸ் நாட்டுப் பிள்ளைகளை அழைத்து வந்து, ஒரு மாதம் வீடுகளில் வைத்திருந்து அனுப்புவார்கள். நானும் என் மனைவியும் அதில் நெடுங்காலம் இருந்தோம். இன்றைக்கு அந்த வேலையைப் பற்றித்தான்.

இளைய நேயர்களுக்காக, நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 1986 ஆம் ஆண்டு, சனிக்கிழமை, அதிகாலை 1.23 மணி. அப்போது சோவியத் ஒன்றியத்துக்குள் இருந்த உக்ரைனின் வடக்குப் பகுதியில், ஒரு சோதனை நடத்திக்கொண்டிருக்கும்போது நாலாவது உலை வெடித்தது. பக்கத்தில் பிரிப்யாத் என்ற நகரம். ஏறத்தாழ 49,000 பேர் அங்கே இருந்தார்கள். அன்று காலை பிள்ளைகள் வழமைபோலப் பள்ளிக்கூடம் போனார்கள், பிறகு தெருவில் விளையாடினார்கள். அடுத்த நாள்தான் அறிவிப்பு வந்தது. தற்காலிகமாகத்தான் வெளியேற்றுகிறோம், பத்திரங்களையும் முக்கியமான பொருட்களையும் கொஞ்சம் சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுங்கள் என்று. மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் சனம் நினைத்தது. அந்த நகரத்துக்குக் குடியிருக்க யாரும் திரும்பவில்லை. கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி வீட்டைப் பூட்டி, திறப்பையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவது எப்படி இருக்கும் என்று இந்த வானொலியைக் கேட்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

முதல் நாட்களில் காற்று பெருமளவில் வடக்கும் வடமேற்குமாக அடித்தது. அந்தப் பக்கம் எல்லைக்கு அப்பால் பெலாரஸ். கோமெல், மொகிலெவ் மாகாணங்களில் மழை பெய்த இடமெல்லாம் கதிரியக்கப் பொருட்கள் மண்ணில் இறங்கின. இதை ஏதோ தூரதேசத்துக் கதை என்று எண்ண வேண்டாம். ஒரு கிழமை கழித்து அதே மேகம் இங்கேயும் வந்தது. கும்பிரியா, வடக்கு வேல்ஸ், ஸ்காட்லாந்து மலைகளில் மழையோடு விழுந்தது. ஏறத்தாழ 10,000 பண்ணைகளில், 40 இலட்சத்துக்கு மேற்பட்ட செம்மறி ஆடுகளுக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. கடைசிப் பண்ணைக்கு அது நீங்கியது 2012 இல்தான். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்த ஆட்டுக்கே 26 வருடம் என்றால், பக்கத்துக் கிராமத்தில் மாடு வைத்திருந்த குடும்பத்தை யோசித்துப் பாருங்கள்.

அந்த மாட்டுப் பாலில்தான் எல்லாம் தொடங்கியது. முதல் கிழமைகளில் பிள்ளைகளைப் பிடித்தது அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருள். எட்டு நாளில் பாதியாகி, இரண்டு மூன்று மாதத்தில் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். ஆனால் அதற்குள் மாடு புல்லைத் தின்றது, பிள்ளை பாலைக் குடித்தது, கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி அதை உறிஞ்சி வைத்துக்கொண்டது. போலந்தில் செய்தி தெரிந்த சில நாட்களுக்குள் ஒரு கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் தடுக்கிற சாதாரண அயோடின் மருந்து கொடுத்துவிட்டார்கள். சோவியத் கிராமங்கள் பலவற்றில், பாலைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லக்கூட நேரத்துக்கு ஆள் வரவில்லை. அப்போது பிள்ளைகளாக இருந்தவர்களில் 6,000 க்கு மேற்பட்டவர்களுக்கு 2005 க்குள் தைராய்டு புற்றுநோய் வந்திருந்தது. அதில் கணிசமான பங்குக்கு அந்தப் பால்தான் காரணம் என்று ஐக்கிய நாடுகளின் விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். மிகப் பெரும்பாலானோர் சத்திர சிகிச்சையால் பிழைத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடுகளுக்கு வந்தவர்கள் அந்தப் பிள்ளைகள் அல்ல, அவர்களுக்குப் பின்னால் பிறந்தவர்கள். இவர்களுடைய பிரச்சினை சீசியம்-137 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள். அது பாதியாக 30 வருடம் எடுக்கும். 40 வருடம் கழித்து இன்றைக்கும், விழுந்ததில் ஐந்தில் இரண்டு பங்கு மிச்சம். வயல் மண்ணை ஆழ உழுது பொட்டாசியம் உரம் போட்டால் பயிருக்குள் ஏறுவது குறையும், அதை அங்கே செய்கிறார்கள். காட்டை யார் உழுவது? காட்டில் அது மேல் மண்ணிலும் இலைச் சருகிலும் அப்படியே கிடக்கிறது. காளான் அதை இழுக்கிறது, காட்டுப் பழங்கள் இழுக்கின்றன. அந்தக் கிராமத்துச் சனத்துக்குக் காடுதான் காசில்லாத கடை.

இந்த இடத்தில் நான் எங்கே போனாலும் சொல்லுகிற ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். ஒரு ஓகஸ்ட் மாதம். எங்கள் பட்டணத்துக்குப் பின்னால் ஒரு நடைபாதை இருக்கிறது, இரண்டு பக்கமும் முள் வேலி மாதிரி பிளாக்பெரிப் பற்றை. பழம் கறுத்துக் கனிந்து கிடக்கிற காலம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். முன்னால் போகிறவர் எங்கள் குழுவின் தலைவி, ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை, ஆங்கிலேயப் பெண்மணி. அவர் ஒரு பழத்தைப் பிடுங்கி வாயில் போட்டுவிட்டு, பிடுங்குங்கள், பிடுங்குங்கள் என்று கையால் காட்டுகிறார். ஒன்பது வயதுப் பையன் ஒருவன், எங்கள் வீட்டில் தங்கியிருந்தவன், இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். கூட வந்த மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டான். அவர் அவர்களுடைய பள்ளிக்கூட ஆசிரியை. எங்களைப் பார்த்து, “இது அளந்து பார்த்த பழமா என்று கேட்கிறான்” என்றார்.

ஒன்பது வயது. பழத்தைக் கண்டால் பாய்கிற வயது.

அதற்குள் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று சிரித்துக்கொண்டு இடையில் வந்தது. தன் அம்மம்மா ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் காட்டுக்குப் போய்க் காளான் பொறுக்கி வந்து உப்புப் போட்டு வைப்பாராம், பனிக்காலம் முழுக்கச் சாப்பிடுவார்களாம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். பையன் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் கதிரியக்கம் அளக்கிற கருவியில் வைத்துக் காட்டினார்கள், காளானுக்குத்தான் முள் மேலே போனது என்றான். இரண்டு பேருக்கும் பாதையிலேயே சண்டை. ஒரே மாகாணம், ஒரே பஸ்ஸில் வந்தவர்கள், ஒருவருக்குப் பயம், மற்றவருக்குப் பசி. இரண்டுமே நியாயம்தான். என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவது என்று நாங்கள் முழிக்கிறோம்.

தலைவி குழந்தைக்குச் சொல்லுகிற மாதிரி ஒன்றும் சொல்லவில்லை. பெரிய மனிதரிடம் கதைப்பதுபோல நின்று பதில் சொன்னார். இந்த நாட்டிலும் அது விழுந்தது, எங்கே விழுந்தது என்று அளந்தார்கள், இந்தப் பக்கத்து மண்ணில் ஆபத்தான அளவு இல்லை, அதனால்தான் நான் சாப்பிடுகிறேன் என்றார். ஆசிரியை ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்தார். பையன் முழுவதையும் கேட்டான். பிறகு ஒரு கையை எடுத்து, ஒரு பழம், இன்னொரு பழம். வீட்டுக்கு வரும்போது சட்டை முழுக்க ஊதா நிறம். மிச்சத்தை என் மனைவி ஜாம் காய்ச்சினார். புறப்படுகிற நாளில் அவன் தன் போத்தலைக் காலுறைக்குள் நுழைத்து, பெட்டியின் நடுவில் உடுப்புக்கு இடையில் வைத்தான். வீட்டுக்குக் கொண்டுபோகவாம்.

சரி, நாலு கிழமையில் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். நல்ல கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். சீசியம் உடம்புக்குள் போனால் நிரந்தரமாகத் தங்குவதில்லை. புதிதாக உள்ளே போகாவிட்டால், பெரியவர்களுக்கு மூன்றரை மாதமளவில் பாதி வெளியேறிவிடும். பிள்ளைகளுக்கு இன்னும் வேகம். ஐந்து வயதில் ஒரு மாதம் போதும், பத்து வயதில் ஏறக்குறைய ஒன்றரை மாதம். ஆகவே சுத்தமான சாப்பாடு, நாலு கிழமை. அதுவே கணிசமான வேலையைச் செய்கிறது. ஆனால் திரும்பிப் போனதும் அதே பால், அதே காளான். ஒரு மாதத்தில் குணப்படுத்தி அனுப்பினோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

அதனால்தான் நான் சாப்பாட்டையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். புதிதாகச் சேருகிற குடும்பங்கள் விளையாட்டுப் பூங்கா, பெரிய கடை, புதுச் சப்பாத்து என்று ஓடுவார்கள். கூட்டங்களில் நான் எழும்பிச் சொல்லுவேன், முதலில் மூன்று வேளையும் மேசையில் இருத்திச் சாப்பாடு கொடுங்கள் என்று. முதல் இரண்டு நாளும் அவர்கள் பாணும் உருளைக்கிழங்கும் வெள்ளரிக்காயும்தான் தொடுவார்கள். எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் சோறும் உறைப்பில்லாத பருப்பும் இறங்கும். கடைசிக் கிழமையில் புட்டுக்குள் வாழைப்பழத்தைப் பிசைந்து சீனி போட்டுக் கேட்பார்கள். எங்கள் பட்டணத்தில் தமிழ்க் கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர் கிழமைக்கு ஒரு பெட்டி வாழைப்பழத்தை வாசலில் இறக்கிவிட்டுப் போவார், ஒரு நன்றியையும் நின்று கேட்டதில்லை. பல் வைத்தியர் ஒருவர் சனிக்கிழமை காலையில் தன் அறையைத் திறந்து, வரிசையாக இருத்திச் சொத்தைப் பல் அடைத்துவிடுவார், இலவசமாக. கண் பரிசோதனையும் அப்படித்தான். கரும்பலகை தெரியாததால் வகுப்பில் கடைசி என்று பெயரெடுத்த பிள்ளை, கண்ணாடியோடு திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். பெரிய அமைப்பு, பெரிய பணம் என்று ஒன்றும் இல்லை. தேவாலய மண்டபத்தில் கேக் விற்றும் பழைய சாமான் விற்றும்தான் விமானச் செலவைச் சேர்த்தார்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2005 இல் ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் சேர்ந்து ஒரு அறிக்கை வெளியிட்டன. அந்த விபத்தால் வந்த பொதுச் சுகாதாரப் பிரச்சினைகளில் மிகப் பெரியது மனநலம் என்று அதில் சொல்லியிருந்தார்கள். நீ நோயாளி, உனக்கு எதிர்காலம் இல்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டு வளர்ந்தால் அது உள்ளே இறங்கிவிடும். ஆகவே எங்கள் குழுவில் ஒரு விதி இருந்தது. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஐயோ பாவம் என்ற பேச்சே கூடாது. ஒருமுறை ஒரு பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வந்தவர், பிள்ளைகள் நீச்சல் முடித்து ஈரத் தலையோடு கூத்தடித்துக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் சிரிக்காமல் நிற்கச் சொல்லுங்கள் என்றார். தலைவி துவாய்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, படம் வேண்டாம் என்று பிள்ளைகளை வெளியே கூட்டிப் போய்விட்டார். நன்கொடை குறைந்தாலும் குறையட்டும் என்றார். எனக்கு அவர்மேல் மரியாதை பல மடங்கு கூடியது அன்றுதான்.

மணிக்கூடு ஓடுகிறது. மற்ற நாடுகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்கிறேன். அயர்லாந்தில் கோர்க் நகரத்தில் ஏடி ரோச் என்ற பெண்மணி 1991 இல் தொடங்கிய அமைப்பின் மூலம் 25,000 க்கு மேற்பட்ட பிள்ளைகள் அங்கே வந்து தங்கிப் போனார்கள். இத்தாலியக் குடும்பங்கள் அழைத்ததுதான் மிக அதிகம். கியூபா தன் மக்களே வரிசையில் நின்று சாப்பாடு வாங்கிய காலத்தில், 1990 முதல் 2011 வரை, ஹவானாவுக்குப் பக்கத்தில் தராரா என்ற கடற்கரையில் 20,000 க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இலவசமாக மருத்துவம் பார்த்தது. அது தனியாக ஒரு நாள் பேச வேண்டிய விசயம்.

சிக்கல்களும் இருந்தன. 2008 இல் அமெரிக்கா போன பதின்ம வயதுப் பெண் ஒருவர் திரும்ப மறுத்ததும், பெலாரஸ் அரசு பிள்ளைகளை வெளிநாடு அனுப்புவதற்கே கட்டுப்பாடு போட்டது. பிள்ளைகள் கட்டாயம் திரும்புவார்கள் என்று நாடுகள் உறுதி எழுதிக் கொடுத்த பிறகுதான் மறுபடி வழி திறந்தது. 2020 இல் கொரோனா, 2022 இல் உக்ரைன் போர். பெலாரஸிலிருந்து வரவழைப்பது பெரும்பாலும் நின்றுபோனது, எங்கள் குழு உட்படப் பல குழுக்கள் மூடிவிட்டன. மிஞ்சியிருக்கிற சில குழுக்கள் அங்கேயே உதவி அனுப்புகின்றன, உக்ரைன் குடும்பங்களுக்கும் கை கொடுக்கின்றன.

இதில் சேர என்ன வேண்டும் என்பதைக் கடைசியாகச் சொல்ல வைத்திருந்தேன், அரை நிமிடம்தான் இருக்கிறது. எங்காவது ஒரு குழு மறுபடி பிள்ளைகளை வரவழைத்தால், அவர்களை வைத்திருக்க வீட்டில் இருக்கிற பெரியவர்கள் எல்லோருக்கும் பொலிஸ் பின்னணிச் சோதனை வேண்டும். இரண்டு கட்டில் போடக்கூடிய அறை வேண்டும், பிள்ளைகளைத் தனியாக அனுப்பமாட்டார்கள், இரண்டு பேராகத்தான் வருவார்கள். ரஷ்ய மொழி தெரியத் தேவையில்லை. வீடு கொடுக்க முடியாதவர்கள் வாகனம் ஓட்டலாம், சமைக்கலாம், கணக்கு எழுதலாம். உங்கள் பக்கத்தில் குழு இருக்கிறதா என்று நூலகத்திலும் தேவாலய மண்டபத்திலும் விசாரித்துப் பாருங்கள். வேறு ஏதும் கேட்க விரும்பினால் நிலையத்துக்கு எழுதுங்கள், அவர்கள் எனக்கு அனுப்பி வைப்பார்கள், நான் பதில் எழுதுகிறேன். நன்றி, வணக்கம்.