அம்மியும் தங்கமும் என்ர காரின்ர சைலன்சரும்

(போன ஞாயிறு வெள்ளவத்தையில கதைச்சது. எழுதிப் போடச் சொல்லி நாலஞ்சு பேர் கேட்டவை, அதால மேடையில சொன்ன மாதிரியே டைப் பண்ணிப் போடுறன்.)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பிரதம விருந்தினரா வந்திருக்கிற டொக்டர் ஐயா அவர்களே, முன் வரிசையில இருக்கிற ஓய்வுபெற்ற அதிபர் அம்மா அவர்களே (நான் அவவிட்டப் படிக்கேல்ல, ஆனா என்ர ரெண்டு தங்கச்சியும் அடி வாங்கியிருக்கினம்), இந்த வெக்கைக்குள்ள எனக்குப் பொன்னாடை போர்த்தின செயலாளர் தம்பி, ரெண்டு தரம் கரண்ட் போயும் மைக்கைக் கைவிடாத மற்றத் தம்பி, பின்னால வடை எப்ப வருமெண்டு பாத்துக்கொண்டிருக்கிற சொந்தங்கள், எல்லாருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ, வடை நேரம் வந்து கும்பிடுறன்.

வாயு மூலக்கூறு உலோகத்தில மோதினா என்ன நடக்குது, அதைக் கணக்கில எப்பிடிக் கொண்டாறது, இதுதான் தலைப்பு. மூண்டு விசயம் சொல்லப்போறன். ஒண்டு சக்தி கைமாறுறது, ரெண்டு இரசாயனத் தாக்கம் நடக்கிறது, மூண்டு கம்ப்யூட்டர் மொடல்.

எங்கட அம்மம்மா எதுக்கெடுத்தாலும் அடிமேல அடி அடிச்சா அம்மியும் நகரும் எண்டுவா. டொக்டர் ஐயா இருக்கிற இரும்புக் கதிரையில பெயின்ட் உரிஞ்ச இடம் ஒண்டு தெரியுதெல்லோ, அந்த இடத்தில இருக்கிற ஒவ்வொரு அணுவையும் இந்த ஹோல் காத்து ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 30 கோடி தரம் வந்து அடிக்குது. அப்ப ஏன் அம்மி நகரேல்ல, காத்து உடன இரும்போட சேரேல்ல? ஏனெண்டா காத்தில முக்கால்வாசி நைதரசன், அது மூண்டு பிணைப்புப் போட்டு இறுக்கிக் கட்டின சாமான், இரும்பில லட்சக்கணக்கில வந்து மோதினாலும் ஒண்டு உடைஞ்சு ஒட்டுறதே பெரிய காரியம். நைதரசனையும் ஐதரசனையும் இரும்பில சேத்து அமோனியா செய்யிறதில எல்லாத்தையும் பிடிச்சு இழுக்கிற படி இதுதானெண்டு படிப்படியாக் காட்டினவர் ஜெர்மன்காரர் கெர்ஹாட் ஏர்ட்ல், 2007ல நோபல் பரிசு. அந்த அமோனியாவிலதான் யூரியா வருது. 2021ல இங்க இரசாயனப் பசளையை நிப்பாட்டினவுடன வயல் என்ன பாடுபட்டதெண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

சக்தி கைமாறுறதுக்கு வருவம். மூலக்கூறு சும்மா பறந்து வாறதில்ல, சுழண்டுகொண்டு, ஸ்பிரிங் மாதிரி அதிர்ந்துகொண்டு வருது. உலோகத்தில மோதினா அந்தச் சக்தி போறதுக்கு ரெண்டு வழி இருக்கு, ஒண்டு உலோக அணுக்களைக் குலுக்கிறது, மற்றது உலோகத்துக்குள்ள திரியிற இலத்திரன்களுக்குக் குடுக்கிறது. கனகாலமா ரெண்டாவதைப் பெரிசா எடுக்கேல்ல, ஏனெண்டா 1927ல போர்ன், ஒப்பன்ஹைமர் ரெண்டு பேரும் போட்டுத்தந்த வழியில, கரு அசைய அசைய இலத்திரன் உடனுக்குடன சரிப்படுத்திக்கொள்ளும் எண்டுதான் கணக்கு ஓடும். பிறகு 2000ல நைத்திரிக் ஒட்சைட்டை நல்லா அதிரவிட்டுத் தங்கத்தில மோதிப் பாத்தவை. செட்டியார் தெருவில நாங்கள் வாங்கிற அதே தங்கம்தான், எதோடயும் சேராத பெரிய மனுசன். மோதிற நேரம் ஒரு செக்கனை லட்சம் கோடியாப் பிரிச்சா அதில ஒரு பங்கு கூட இல்ல, அதுக்குள்ள அதிர்வுச் சக்தியில பெரும்பங்கு போயிட்டுது. லித்தியம் புளோரைட்டு எண்ட உப்பில மோதவிட்டா ஒண்டும் பெரிசாக் குறையேல்ல! என்ன நடந்ததெண்டா, அந்த மூலக்கூறு தங்கத்திட்ட ஒரு இலத்திரனைக் கைமாத்தா வாங்கி, போகேக்க திருப்பிக் குடுத்திட்டுப் போகுது, வட்டியாத் தன்ர அதிர்வை விட்டிட்டு. உப்பிட்டக் கைமாத்துக் கேக்கேலாது, அதுக்குள்ள சும்மா திரியிற இலத்திரன் இல்ல. ஆகவே பழைய கணக்கு மட்டும் இங்க காணாது.

இனித் தாக்கம். நீங்கள் 100ஆம் நம்பர் பஸ்ஸில கோல் ரோட்டால வந்திருப்பியள். பிளாட்டினம் அந்த பஸ் எண்டு வைப்பம். காபனோரொட்சைட்டு தனியாள், எந்த சீட்டிலயும் குந்தும். ஒட்சிசன் புருசன் பெண்சாதி மாதிரி, பக்கத்துப் பக்கத்தில ரெண்டு சீட் வேணும், ஏறினாப் பிறகுதான் பிரியும். பிரிஞ்ச ஒட்சிசன் பக்கத்து சீட்டுக் காபனோரொட்சைட்டோட சேந்தா காபனீரொட்சைட்டு, இறங்கிப் போயிடும். குளிரா இருக்கேக்க தனியாக்கள் எல்லா சீட்டையும் பிடிச்சு வைச்சிருப்பினம், ஒட்சிசன் ஏறவே ஏலாது. 250, 300 பாகை சூடு வந்தாத்தான் அவை எழும்புவினம், இடம் வரும். உங்கட காருக்கு அடியில, புகையைச் சுத்தமாக்கிறதுக்கு இருக்கிற கன்வேட்டர் எண்ட பெட்டிக்குள்ள நடக்கிறது இதுதான்.

கன்வேட்டர் எண்டு வந்தபடியால் என்ர கதையைச் சொல்லோணும். என்ர ஜப்பான் ரீகண்டிஷன் காரைப் பிக்கப் இல்லையெண்டு ஒரு கராஜுக்குக் கொண்டு போனன், பேர் வேண்டாம். பாஸ் அடியில படுத்துப் பாத்திட்டு, "அங்கிள், இது அடைச்சிட்டுது, நீங்கள் போய் பிளேன்டீ ஒண்டு குடிச்சிட்டு வாங்கோவன்" எண்டார். நானும் போனன். இஞ்சி போட்ட டீ, பக்கத்தில ஒரு ஆள் கிரிக்கெட் கதைக்கத் தொடங்கினார், அரை மணித்தியாலம் போயிட்டுது. வந்து பாத்தா குழாயை வெட்டி வெறும் பைப் ஒண்டை வெல்ட் பண்ணியாச்சு. நிலத்தில சாம்பல் நிறத்தில தேன்கூடு மாதிரி ரெண்டு துண்டு கிடந்தது, மிச்சத்தைக் காணேல்ல. உள்ளுக்க பிளாட்டினம், பலேடியம், ரோடியம் எண்டு எனக்குத் தெரியும், அவருக்கும் நல்லாத் தெரியும்! பில்லில கொஞ்சம் குறைச்சு விட்டார், நானும் வெக்கமில்லாமல் தாங்ஸ் சொல்லிட்டு வந்தன். டாஷ்போர்டில செம்மஞ்சள் லைட் எரியுதே எண்டு திரும்பப் போய்க் கேட்டா, கறுப்பு டேப் கொஞ்சம் வெட்டி அதுக்கு மேல ஒட்டி விட்டார். வீட்டில மனிசி பால்கனியில காயப்போட்ட சீலை எல்லாம் புகை மணக்குதெண்டு மூண்டு நாள் கதைக்கேல்ல. புகை டெஸ்டில ஃபெயில். திரும்ப ஒண்டு வாங்கின விலையைச் சொன்னா நீங்கள் வடைக்கு முதலே எழும்பிப் போயிடுவியள்.

ஆகவே நான் கேக்கிறது ஒண்டுதான். வருசாவருசம் புகை டெஸ்ட் செய்யேக்க, காருக்கு அடியில எட்டிப் பாத்துக் கன்வேட்டர் இருக்கோ எண்டு எழுதோணும், கழட்டிற கராஜுக்குத் தண்டம் போடோணும். ஒரு கடிதம் எழுதியிருக்கிறன். நான் ஒராள் எழுதினா குப்பைக்குள்ள போகும், நூறு பேர் கையெழுத்து வைச்சா, அம்மம்மா சொன்ன மாதிரி, அடிமேல அடி. டொக்டர் ஐயா முதல் கையெழுத்து வைக்கிறதா வாசல்லயே சொல்லிட்டார், மறுத்தாலும் நான் விடப்போறதில்ல.

மூண்டாவது, கம்ப்யூட்டர் மொடல். ஒவ்வொரு அணுவையும் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி சக்தியைக் கணக்குப் பாத்து ஒரு மலை வரைபடம் கீறுவினம், ஐதரசன் உடையிறதுக்குச் செப்பில நுவரெலியா ஏற்றம், பிளாட்டினத்தில மரைன் டிரைவ் மாதிரித் தட்டை... சரி, தலைவர் மணியை அடிக்கிறார். கையெழுத்துக் கொப்பி வாசல் மேசையில இருக்கு. பேனையை நூலில கட்டியிருக்கிறன், அறுத்துக்கொண்டு போயிடாதேங்கோ.