ஏற்காட்டுல சிரிச்ச ரோஜா, சேலத்துல ஏன் மஞ்சளாகுது?

[காட்சி: மொட்டை மாடி, ஐப்பசி மாதம், சாயங்காலம் நாலரை மணி. ஒரு தொட்டியின் விளிம்பு மட்டும், மிக நெருக்கத்தில்.]

இந்தத் தொட்டி விளிம்பைப் பாருங்க. வெள்ளையா பொருக்கு மாதிரி படிஞ்சிருக்கில்ல? பூஞ்சை இல்லீங்க, உரமும் இல்ல. நகத்தால சுரண்டி இந்த ஸ்பூன்ல போடறேன். மேல எலுமிச்சம்பழம் ரெண்டு சொட்டு.

[காட்சி: ஸ்பூனில் நுரை கிளம்புகிறது. ஐந்து நொடி பேச்சில்லை.]

நுரைக்குது பாத்தீங்களா? சுண்ணாம்பு. நம்ம போர் தண்ணி விட்டுட்டுப் போனது. ரோஜா வெச்சுப் பாத்து, "நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்காதுங்க"ன்னு கைவிட்டவங்க சேலத்துல தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்க. நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன். வெயில் மேல பழி போடறது வசதி, அது திருப்பிப் பேசாது.

வணக்கங்க. இன்னிக்கு நாம பாக்கறது சின்ன மாடியிலயும் அடங்கற பிங்க் ரோஜா. கொத்துக் கொத்தா பூக்கற காஷ்மீர் ரோஸ் இல்ல, மாலைக்குப் போற பன்னீர் ரோஸும் இல்ல. ஒரு காம்புக்கு ஒரு பூ. நடு இதழ் கூம்பா நிமிந்து நிக்கும், ஓரத்து இதழ் வெளிய மடங்கும். நர்சரியில ஹெச்.டி.ன்னு சொல்வாங்க, அதாவது ஹைபிரிட் டீ.

டீன்னதும் டீத்தூள் போடணுமான்னு கேக்காதீங்க, கமெண்ட்ல ஏற்கெனவே கேட்டாச்சு. சீனாவுல இருந்து ஐரோப்பா போன ஒரு ரோஜா இனம். அதோட வாசம் தேயிலை வாசம் மாதிரி இருக்குன்னு டீ ரோஸுன்னு பேர் வெச்சாங்க. அதையும் குளிர் தாங்கற இன்னொரு வகையையும் கலந்து வந்ததுதான் ஹைபிரிட் டீ. இந்த வகையில முதல் செடின்னு சொல்லப்படறது லா ஃபிரான்ஸ், 1867-ல பிரான்சுல கியோ என்கிறவர் வெளியிட்டது. அதுவும் வெள்ளி கலந்த பிங்க்தான்! நம்ம நாட்டுலயும் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துல உருவான மிருணாளினின்னு ஒரு பிங்க் ஹெச்.டி. இருக்கு. கோதுமை விஞ்ஞானி பி.பி. பால் ரோஜாப் பைத்தியமாவும் இருந்ததால நமக்குக் கிடைச்ச லாபம் இதெல்லாம்.

சரி, என் கதைக்கு வர்றேன்.

[காட்சி: ஏற்காடு மலைப்பாதை, பஸ் ஜன்னல் வழியாக.]

ஏற்காட்டுல ஒரு நர்சரியில வாங்கினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூ, குழந்தை கன்னம் மாதிரி கலர். பஸ்ல மடியில வெச்சுக்கிட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தேன். ஒரு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் புதுத் தளிர் வெளிறிப்போய் வந்துச்சு. ரெண்டாவது மாசம் தளிர் மஞ்சள், மூணாவது மாசம் நுனியில இருந்து காய ஆரம்பிச்சிடுச்சு.

மேல ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். சேலம் 280 மீட்டர் பக்கம். அந்த உயர வித்தியாசத்துக்கு ஏழெட்டு டிகிரி வரைக்கும் மாறும். சரிதான், ஆனா செடி வேரோட உணர்றது மண்ணையும் தண்ணியையும்தானே. ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலை உச்சியில முன்னாடி பாக்சைட் வெட்டி எடுத்த செம்பாறை மண், புளிப்புத்தன்மை உள்ளது. காபிக்கும் அதுதான் பிடிக்கும், ரோஜாவுக்கும் லேசா புளிப்பா இருந்தா சந்தோஷம். கீழ நம்ம கதை வேற. பெங்களூர் ரோட்டுல கருப்பூர் பக்கம் போறப்ப வெள்ளை வெள்ளையா குவிச்சு வெச்சிருக்கறதைப் பாத்திருப்பீங்க. வெள்ளைக்கல், மேக்னசைட். இரும்பு உருக்கற உலைக்கு உள்பூச்சு செங்கல் இதுலதான் பண்றாங்க. வெள்ளைக்காரன் தூரத்துல இருந்து பாத்துட்டு அந்த மலைக்கே சாக்பீஸ் மலைன்னு பேர் வெச்சுட்டுப் போயிட்டான். சாக்பீஸும் இல்ல ஒண்ணும் இல்ல, ஆனா சுண்ணாம்புக்குச் சொந்தக்காரன்தான். இப்படிப்பட்ட கல்லு மண்ணுல ஊறி வர்ற போர் தண்ணியைத்தான் நாம உப்புத் தண்ணின்னு சொல்றோம்.

[காட்சி: இரண்டு இலைகள் வெள்ளைக் காகிதத்தின் மேல்.]

இந்த ரெண்டு இலையும் மஞ்சள். ஆனா ரெண்டும் ஒரே மஞ்சள் இல்ல. இடது பக்கம் இருக்கறது செடியோட அடியில இருந்து பறிச்சது, முழுசா மஞ்சள். வயசாயிருக்கலாம், தழைச்சத்து குறைவா இருக்கலாம், தண்ணி தேங்கியிருக்கலாம். வலது பக்கம் நுனித் தளிர். நல்லா கிட்டப் பாருங்க: இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பச்சை நூல்ல வலை பின்னின மாதிரி. இது இரும்புச்சத்து பிரச்சனை. மண்ணுல இரும்பு இருக்கும். சுண்ணாம்புத் தண்ணி ஊத்த ஊத்த அது வேர் எடுத்துக்க முடியாதபடி இறுகிடும். பத்தாயம் நிறைய நெல்லு, சாவி தொலைஞ்சு போச்சு, அந்தக் கதை.

நான் என்ன பண்ணினேன்? மஞ்சளா இருக்கேன்னு யூரியா போட்டேன். செடி இன்னும் ரெண்டு கிளை விட்டுச்சு, அதுவும் மஞ்சளா.

எங்க அத்தை பண்ணினது வேற. தினமும் முட்டை ஓட்டை நொறுக்கி தொட்டியில போட்டாங்க. "முட்டை ஓடு போட்டா ரோஜா நல்லா பூக்கும்மா, டிவியிலயே சொன்னான்." அத்தை, முட்டை ஓடே சுண்ணாம்புதான். புளிப்பு மண்ணு இருக்கற ஊர்ல அது மருந்து, நமக்கு அதுவே வினை. அடுப்புச் சாம்பலும் அப்படித்தான். நான் சொன்னதும் ரெண்டு நாள் பேசல.

இப்ப என்ன பண்றது? முதல் வேலை தண்ணியை மாத்தறது. மேட்டூர் தண்ணி, நல்ல தண்ணி வர்ற அன்னிக்கு ஒரு குடம் எடுத்து வெச்சிடுங்க. மனசு வரலைன்னா அந்தத் தண்ணியில அரிசி கழுவி அதை ஊத்துங்க. ஏசி குழாய்ல சொட்டற தண்ணி அருமை, அதுல உப்பே கிடையாது. ஆனா ஆர்.ஓ. மெஷின்ல கழிவாப் போற தண்ணி மட்டும் வேண்டவே வேண்டாம். வீணாகுதேன்னு ஊத்தறாங்க, உப்பெல்லாம் திரண்டு வர்றதே அதுலதான்.

போர் தண்ணியை விட்டா வேற வழியில்லையா? தண்ணியோட புளிப்பு எவ்வளவுன்னு காட்டற பி.ஹெச். காகிதம் மீன் தொட்டிக் கடையில கிடைக்கும். ஒரு பக்கெட் தண்ணியில அரை டீஸ்பூன் எலுமிச்சை உப்பு, சிட்ரிக் ஆசிட்ங்க, மளிகைக் கடையிலயே இருக்கும், கரைச்சு காகிதத்தை நனைச்சுப் பாருங்க. ஆறரைக்கு வர்ற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா சேருங்க, அதோட நிறுத்திடுங்க.

மஞ்சளான தளிருக்கு அவசர சிகிச்சை அன்னபேதி. நாட்டு மருந்துக் கடையில கேட்டா தெரியும், இரும்பு சல்ஃபேட். லிட்டருக்கு மூணு கிராம், வெயில் இறங்கினப்புறம் இலையில தெளிங்க. துணியில பட்டா கறை போகாது, நல்ல சுடிதார் போட்டுட்டு பண்ணாதீங்க. மண்ணுக்குத்தான் வேணும்னா இடிடிஹெச்ஏன்னு (EDDHA) போட்டிருக்கற செலேட் இரும்பு, அதாவது சுண்ணாம்புல இறுகிடாம கட்டி வெச்ச இரும்பு, கேட்டு வாங்குங்க. இடிடிஏ (EDTA) விலை கம்மி, ஆனா சுண்ணாம்பு மண்ணுல அதிகம் நிக்காது.

[காட்சி: ஒட்டு இடத்துக்கு நெருங்கும் கேமரா.]

செடி வாங்கறப்ப பூவைப் பாக்காதீங்க. அடியில பாருங்க. ஒட்டு கட்டின இடம் முண்டா இருக்கும், அதுக்கு மேல மூணு தடிமனான கிளையாவது வேணும். ரெண்டரை, மூணு அடிக்குள்ள அடங்கற ரகமான்னு கேட்டுக்கங்க. ஒட்டுக்குக் கீழ இருந்து கிளம்பற கிளை உங்க ரோஜா இல்ல, வேருக்காக அடியில வெச்சிருக்கற வேற செடியோடது. கத்தரியால வெட்டினா திரும்ப வரும், கையால கீழ் நோக்கி இழுத்துப் பிச்சிடுங்க.

தொட்டி 14 இஞ்ச். செம்மண் ஒரு பங்கு, மக்கின தொழு உரம் ஒரு பங்கு, கழுவின தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, ரெண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. அவ்வளவுதான். கறுப்புத் தொட்டியை மேற்குச் சுவர் ஓரமா வெக்காதீங்க. காலை வெயில் அஞ்சாறு மணி நேரம் போதும். சித்திரையில தரை கொதிக்கறப்ப தொட்டிக்கு அடியில ரெண்டு செங்கல், மேல பச்சை வலை. அந்த மாசத்துல வர்ற மொட்டைக் கிள்ளிப் போட்டுடறேன் நான். பூத்தாலும் சின்னதா, வெளுத்துத்தான் இருக்கும், சூட்டுல பிங்க் நிறமி சரியா உருவாகறதில்ல.

கவாத்து, அதாவது கிளையை வெட்டி விடறது, கார்த்திகையில, மழை ஓய்ஞ்சதும். வெளிப்பக்கம் பாக்கற கண்ணுக்கு, அதாவது தளிர் முளைக்கற முண்டுக்கு, மேல சாய்வா ஒரு வெட்டு. வெட்டின இடத்துல பூஞ்சைக்குப் போடற காப்பர் மருந்தைக் குழைச்சு தடவுங்க, நுனி காயறது நிக்கும். நாப்பத்தஞ்சு நாள்ல பூ. கணக்குப் போட்டுப் பாருங்க, பொங்கலுக்கு வாசல்ல நிக்கும், கலரும் அப்பத்தான் அடர்த்தியா இருக்கும். ஒரு நுனியில மூணு மொட்டு வந்தா நடுவுல இருக்கறதை விட்டு பக்கத்து ரெண்டையும் பட்டாணி அளவுலயே எடுத்துடுங்க. முதல் தடவை கை வராது. எனக்கு இப்பவும் வர்றதில்ல, எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வேன்.

இலையில கரும்புள்ளி வந்தா அந்த இலையைப் பொறுக்கி வெளிய போடுங்க. சாயங்காலம் இலை நனையற மாதிரி தண்ணி ஊத்தறதுதான் அதுக்கு விருந்து. அன்னபேதி தெளிக்கறது மட்டும்...

[காட்சி: கேமரா திரும்புகிறது. ஏற்காட்டு மலை மேல் கருமேகம் இறங்கியிருக்கிறது. லென்ஸில் முதல் துளி.]

ஆ, மலை மறைஞ்சிடுச்சு. இன்னும் கால் மணி நேரத்துல இங்க வந்துடும். மழைத் தண்ணியை விட ரோஜாவுக்கு...

[கீழே இருந்து குரல்: "ஏம்மா, பேசினதெல்லாம் போதும், அந்தக் குண்டானை எடுத்து வெளிய வெய்யி!"]

வெக்கறேன் அத்தை!