பெயரைத் தேடினால் போதாது, பக்கத்தைப் படியுங்கள்

வணக்கம் நேயர்களே. குடும்ப வரலாற்று ஆய்வு மையத்தில் தன்னார்வலராக இருக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "அப்படியா, எங்கள் பரம்பரையைக் கண்டுபிடித்துத் தருவீர்களா?" என்பதுதான். தரமாட்டோம். தேடுவது வருகிறவரின் வேலை. நாங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எந்தப் பதிவேடு எங்கே இருக்கும், அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லித்தருவோம், அவ்வளவுதான். வருகிறவர்களில் பாதிப் பேர் வம்சத்தில் ஒரு தளபதி இருந்தாராம், அவரிலிருந்து தொடங்கலாமா என்பார்கள். சரி, முதலில் உங்கள் பெயர், பிறந்த தேதி, பிறகு அப்பா அம்மா, அப்புறம் தாத்தா பாட்டி என்று பின்னோக்கித்தான் போக வேண்டும் என்றதும் முகம் கொஞ்சம் வாடும். தளபதி வரும்போது வரட்டும்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது வேறு. கணினியில் பெயரைத் தட்டுகிறார்கள், ஒன்றும் வரவில்லை, உடனே "பதிவே இல்லை" என்று எழுந்துவிடுகிறார்கள். கணினி தேடுவது பதிவேட்டை அல்ல, அதைப் பார்த்துத் தட்டச்சு செய்த பெயர் அட்டவணையை. அட்டவணையில் இல்லை என்பது வேறு, பதிவேட்டில் இல்லை என்பது வேறு. அந்த அட்டவணை எப்படி வந்தது? ஒரு காலத்தில் ஒரு எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். பல பத்தாண்டுகள் கழித்து அந்தக் கையெழுத்தை யாரோ ஒருவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துத் தட்டச்சு செய்தார். இரண்டு இடத்திலும் பெயர் மாறலாம். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறியவர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். அந்தக் கப்பல் பட்டியல்களில் தந்தை பெயர், வயது, ஊர், உடலில் உள்ள அடையாளம்கூட உண்டு. ஆனால் எல்லாம் ஆங்கில எழுத்தில், கேட்டபடி. முனிசாமி அங்கே மூன்சாமி ஆகிவிடுவார். நீங்கள் சரியான எழுத்துக்கூட்டலோடு தேடிக்கொண்டே இருந்தால் அவர் அகப்படவே மாட்டார்.

வயதும் அப்படித்தான். இங்கிலாந்தின் 1841 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 24 வயதுக்காரர் 20 என்று இருப்பார். இது தெரியாதவர் "இவர் எங்கள் ஆள் இல்லை, நான்கு வயது இடிக்கிறது" என்று சொந்தக் கொள்ளுத்தாத்தாவையே ஒதுக்கிவிடுவார்.

ஒரு அம்மாள் வந்திருந்தார், வயதானவர். பாட்டியின் பிறந்த வீடு எது என்று தெரிய வேண்டும். பாட்டியின் திருமண விவரம் அட்டவணையில் இருக்கிறது. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தேதி. "இதுதான் என்னிடமே இருக்கிறதே" என்று அலுத்துக்கொண்டார். பதிவேட்டுப் பக்கத்தின் படத்தைத் திறப்போம் என்றேன். திறந்தால், பெண்ணின் தந்தை பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான் என்று பையை எடுத்துவிட்டார். கொஞ்சம் இருங்கள், கீழே சாட்சிகள் யார் என்று பாருங்கள் என்றேன். இரண்டு சாட்சி. ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தார். இன்னொன்று பெருக்கல் குறி போல ஒரு கீறல், பக்கத்தில் எழுத்தர் ஒரு பெண்ணின் பெயரை எழுதியிருந்தார். அம்மாள் திரைக்கு அருகே குனிந்து வாய்க்குள் படித்தார், பிறகு சத்தமாக, "இது எங்கள் சின்னப் பாட்டி ஆயிற்றே!" பெயர் ஒத்துப்போனதாலேயே பாட்டியின் தங்கை ஆகிவிடாது, அதையும் சொன்னேன், கேட்கிற நிலையில் அவர் இல்லை. அதே பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டியதில், சில ஆண்டுகள் தள்ளி அந்தச் சாட்சிக்காரப் பெண்ணின் திருமணமும் இருந்தது. அதில் தந்தை பெயர், தொழில், ஊர், எல்லாம் இருந்தன. அட்டவணையில் சாட்சிகளுக்கு இடமே கிடையாது, அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பக்கத்தைப் பாருங்கள், முழுப் பக்கத்தையும் பாருங்கள்.

எல்லாம்தான் இணையத்தில் வந்துவிட்டதே, மையம் எதற்கு என்று கேட்பார்கள். அமெரிக்காவின் யூட்டா வம்சாவளிச் சங்கம் 1938-இல் பதிவேடுகளை மைக்ரோபிலிமில் சுருள்சுருளாகப் படமெடுக்கத் தொடங்கியது. அந்தச் சுருள்களை எங்களுடையதைப் போன்ற மையங்களுக்கு அனுப்புவது 2017-இல் நின்றது. சுமார் 24 லட்சம் சுருள்களையும் கணினிக்கு மாற்றும் வேலை 2021-இல் முடிந்தது. ஆனாலும் பதிவேட்டுக்கு உரியவர்களோடு போட்ட ஒப்பந்தப்படி சில படங்கள் மையத்துக் கணினியில் மட்டும்தான் திறக்கும். வீட்டில் பூட்டுக் குறி தெரிந்தால் எரிச்சலடையாதீர்கள், மையத்துக்குப் போய்ப் பாருங்கள்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். மரபணுப் பரிசோதனை பற்றிப் பேசுவதாக இருந்தேன், முடியாது போலிருக்கிறது. ஒன்று மட்டும்: உடன்பிறந்தவருக்கும் சேர்த்து விடை சொல்லும் பரிசோதனை அது, அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தைப் பொதுவில் போடாதீர்கள். தன்னார்வலராகச் சேரப் பட்டம் எதுவும் வேண்டாம், பழைய கையெழுத்தைப் படிக்கப் பொறுமை இருந்தால் போதும். மையத்துக்கு வரும்போது பழைய கடிதங்களை உறையோடு கொண்டுவாருங்கள், அஞ்சல் முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும். போட்டோவைச் சட்டத்திலிருந்து எடுத்துப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.