ஒரு கடிகாரமும் நான்கு ஓட்டுகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் என் வாழ்க்கையின் பெரும்பகுதி போனது. அதனால் எந்தப் படத்தைப் பற்றிப் பேசச் சொன்னாலும் காதில் விழுந்ததிலிருந்துதான் எனக்குத் தொடங்கத் தெரியும். இன்று நான் எடுத்துக்கொண்டது அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனைப் பற்றி 2012-ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி வெளிவந்த ‘லிங்கன்’.

அந்தப் படத்தில் லிங்கனிடம் ஒரு பாக்கெட் கடிகாரம் இருக்கும். அதன் டிக் டிக் ஓசைக்கு எந்தப் பழைய கடிகாரத்தையும் பதிவு செய்து போட்டிருக்கலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியப் போவதில்லை. ஒலி வடிவமைத்த பென் பர்ட் அப்படிச் செய்யவில்லை. கென்டக்கி மாநிலத்தில் லிங்கன் உண்மையிலேயே வைத்திருந்த கடிகாரம் ஒன்று பாதுகாக்கப்படுகிறது. அதை ஓட வைத்து, அந்த ஓசையையே பதிவு செய்து படத்தில் சேர்த்தார்கள். லிங்கன் காதில் விழுந்த ஓசை நம் காதிலும் விழுகிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைக் கேட்டால் சிலிர்க்கும்.

லிங்கனின் குரலை இப்படித் தேடிப் பிடிக்க முடியாது. அவர் சுடப்பட்டு இறந்தது 1865-ல். எடிசன் குரலைப் பதிவு செய்யும் கருவியைக் கண்டுபிடித்தது 1877-ல். ஆனால் அவர் பேச்சை நேரில் கேட்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்: கனத்த குரல் இல்லை, கொஞ்சம் மெல்லிய, உச்சத்தில் ஒலிக்கும் குரல் என்று. லிங்கனாக நடித்த டேனியல் டே-லூயிஸ் தன்னைத் தயார் செய்துகொள்ள ஓர் ஆண்டு அவகாசம் கேட்டு வாங்கி, அந்தக் குரலைப் பிடித்தார். கல்லில் செதுக்கிய சிலைபோல ஒரு தலைவரை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு, கிழவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வதுபோல இருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது.

படத்தின் செலவு 6.5 கோடி டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 350 கோடி ரூபாய். ஆறு லட்சம் பேருக்கு மேல் மாண்ட உள்நாட்டுப் போர்தான் பின்னணி. இவ்வளவு பணம் கையில் இருந்தால் குதிரைப்படையும் பீரங்கியுமாகத் திரையை நிரப்பத்தான் தோன்றும். இதில் போர்க்களம் வந்துபோவது சில நிமிடங்கள்தான். திரைக்கதை எழுதிய டோனி குஷ்னரின் ஆரம்பப் பிரதி ஏறக்குறைய 500 பக்கம். அதிலிருந்து 1865 ஜனவரி மாதத்தை மட்டும் முக்கியமாக எடுத்துக்கொண்டார்கள். அடிமை முறையை ஒழிக்கும் 13-வது சட்டத் திருத்தத்துக்கு நாடாளுமன்றக் கீழவையில் ஓட்டு சேர்த்த மாதம் அது. பிறப்பு, மர வீடு, இளமைக் காதல் எதுவும் கிடையாது. தலைவர்களைப் பற்றிப் படம் எடுப்பவர்கள் தொட்டிலிலிருந்து தொடங்கிச் சுடுகாடு வரை ஓடி, எங்கும் நிற்காமல் போய்விடுகிறார்கள். இவர்கள் ஒரே இடத்தில் நின்றார்கள். ஒவ்வோர் ஓட்டுக்கும் யாரைப் பிடிப்பது, யாருக்கு எந்தப் பதவி கொடுப்பது என்று பேசிப் பேசியே படம் நகர்கிறது. ஜனவரி 31-ந் தேதி ஆதரவு 119, எதிர்ப்பு 56. வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது 117. இரண்டே ஓட்டு கூடுதல்.

சரி, இப்போது எனக்கு மனம் கஷ்டப்பட்ட இடத்துக்கு வருகிறேன். அந்த ஓட்டெடுப்புக் காட்சியில் கனெக்டிகட் மாநில உறுப்பினர்கள் இரண்டு பேர் எதிர்த்து வாக்களிப்பார்கள். உண்மையில் அந்த மாநிலத்துக்கு நான்கு உறுப்பினர்கள், நான்கு பேருமே ஆதரித்தார்கள். அதே மாநிலத்தைச் சேர்ந்த இன்றைய நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ கோர்ட்னி 2013-ல் ஸ்பீல்பெர்க்குக்குக் கடிதம் எழுதி, இதைத் திருத்தச் சொன்னார். போட்டி எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்று காட்டத்தான் மாற்றினோம் என்று குஷ்னர் பதில் சொன்னார். என்னால் அதை ஏற்க முடியவில்லை. கடிகாரத்தின் ஓசைக்குக் கென்டக்கி வரை போனவர்கள் ஓட்டுப் பட்டியலைப் பார்க்காமலா இருந்தார்கள்? பார்த்துவிட்டுத்தான் மாற்றியிருக்கிறார்கள். படமே ஓட்டுகளைப் பற்றியது. இந்தப் படத்தின் குறுந்தகடு பள்ளிகளுக்கும் போனது. அந்த மாநிலத்தில் ஒரு பிள்ளை தன் ஊர்க்காரர்கள் அடிமை முறைக்குத் துணை நின்றதாக நினைத்துக்கொள்ளும்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, நாடறிந்த பேச்சாளரான பிரெடரிக் டக்ளஸ் வெள்ளை மாளிகைக்கே போய் லிங்கனிடம் பேசியவர். கறுப்பின வீரர்களுக்குச் சம ஊதியம் வேண்டும் என்று நேரில் கேட்டவர். அவர் படத்தில் இல்லவே இல்லை. லிங்கனின் மனைவிக்கு உடை தைத்த எலிசபெத் கெக்லி படத்தில் வருகிறார். ஆனால் உழைத்துத் தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கியவர், தப்பி வந்த மக்களுக்கு உதவச் சங்கம் நடத்தியவர் என்பதெல்லாம் படத்தில் வரவில்லை. விடுதலைக்காகப் பாடுபட்டவர்கள் மாடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர்களாகிவிட்டார்கள். இரண்டே காட்சி ஒதுக்கியிருந்தால் போதும்.

இத்தனையும் சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு பேராசிரியர், இந்தியாவிலிருந்து போய்க் குடியேறியவர், இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அப்புறம் எந்தெந்த மாநிலம் இந்தத் திருத்தத்தை எப்போது ஏற்றது என்று தேடினார். மிசிசிப்பி 1995-ல்தான் ஏற்றிருந்தது. அதிலும் அந்தத் தீர்மானத்தின் நகலை அனுப்ப வேண்டிய அலுவலகத்துக்கு யாருமே முறைப்படி அனுப்பியிருக்கவில்லை. அவர் தன்னோடு வேலை பார்ப்பவர் ஒருவரிடம் சொல்ல, அந்த நண்பரும் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு, பழைய தீர்மானத்தின் நகலைத் தேடி எடுத்து மாநில அதிகாரிகளிடம் கொண்டுபோனார். காகிதம் வாஷிங்டனுக்குப் போனது. 2013 பிப்ரவரி 7-ந் தேதி மிசிசிப்பியின் ஒப்புதல் பதிவேட்டில் ஏறியது.